பாதிப் புள்ளி போனாலும் படிக்கலாம்!

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி, இங்கிலீஷ் 'எஸ்' எழுதிப் பாருங்கள். பாதிக் கட்டமெல்லாம் செல்லாது, நிரப்பினால் முழுசாக! என்ன, வளைவுக்குப் பதில் மாடிப்படி வருகிறதா?

1983-ல் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்த சூசன் கேருக்கும் இதே தலைவலிதான். கலையில் டாக்டர் பட்டம் வாங்கிய பெண்மணி. அமெரிக்காவின் அர்க்கன்ஸா மாநில மியூசியம் ஒன்றுக்காக, இரும்பை வெல்டிங் செய்து நிஜ சைஸில் காட்டுப்பன்றி சிலை பண்ணிக்கொண்டிருந்தார். (நிஜமாகத்தான் சொல்கிறேன்!) பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் போன் பண்ணி, 'எங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு எழுத்து வேண்டுமே' என்றார்.

அந்த மெக்கின்டாஷின் திரையில் அகலத்துக்கு 512 புள்ளிகள், உயரத்துக்கு 342. ஒவ்வொன்றும் ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை. சாம்பல் நிறத்துக்குக்கூட வழியில்லை. சூசன் தனக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார். நெட்டுக்கோடு, படுக்கைக்கோடு, 45 டிகிரி சாய்வு... அவ்வளவுதான். படிக்கட்டு கண்ணை உறுத்தாது. நெட்டுக்கோடுகளை இரண்டு புள்ளி தடிமனுக்குப் போட்டார்.

ஏன் அத்தனை குண்டு? அங்கேதான் விஷயம். மெனுவில் இப்போதைக்கு வேலை செய்யாத வார்த்தைகள் மங்கலாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். சாம்பலே இல்லாத திரையில் மங்க வைப்பது எப்படி? ஒன்றுவிட்டு ஒன்று புள்ளிகளைப் பிடுங்கிவிட்டார்கள்! ஒல்லி எழுத்தாக இருந்தால் தூள்தூளாகியிருக்கும். குண்டு எழுத்தில் மிச்சப் புள்ளிகள் நெளிநெளியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. பாதி போயும் படிக்க முடிந்தது.

பெயர்? முதலில் 'எலிஃபான்ட்'. பிறகு சூசனும் ஆண்டியும் சொந்த ஊரான பிலடெல்பியா பக்கத்து ரயில் ஸ்டேஷன் பெயர்களையெல்லாம் எழுத்துருக்களுக்கு வைக்க, ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்கவில்லை. யாருக்கும் தெரியாத ஊரெல்லாம் எதற்கு, உலகப் பெருநகரங்களை வையுங்கள் என்றுவிட்டார். ஆச்சு, 'சிகாகோ'!

1984-லிருந்து 1997 வரை மெக்கின்டாஷின் மெனுக்களில் சிகாகோ ராஜ்ஜியம்தான். அப்புறம் ஓய்வு. ஆனால் 2001-ல் ஐபாட் வந்ததே... கையகலத் திரை, 160-க்கு 128 புள்ளிதான். ரிட்டயரானவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட கதையாக, சிகாகோ மறுபடி வந்து பாட்டுப் பெயர்களைக் காட்டியது. கலர் திரைகள் வந்ததும் திரும்ப வீட்டுக்கு!

இன்று செல்போன் திரையில் புள்ளியைக் கண்ணால் பிரித்தே பார்க்க முடியாது. ஆனாலும் டி-ஷர்ட்டிலும் வீடியோ கேம் போஸ்டரிலும் படிக்கட்டு எழுத்துக்கு ஏக கிராக்கி. படி நன்றாகத் தெரிய வேண்டுமென்று வேண்டுமென்றே பெரிதாக்கிப் போடுகிறார்கள். சூசன் மண்டையை உடைத்துக்கொண்டது அதை மறைக்க!

அவர் கட்டம் கட்டமாக நிரப்பிய நோட்டை 2015-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. உங்கள் கணக்கு நோட்டில் அந்த 'எஸ்' வந்ததா, இல்லையா?