மூன்று சி.சி. முன்கோபி

1898-ம் வருடம். நியூயார்க் நகரம், மேடிசன் ஸ்கொயர் கார்டன். மின்சாரக் கண்காட்சி நடக்கிறது. நடுவே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அதில் நாலடி நீளத்துக்கு ஒரு இரும்புப் படகு. பக்கத்தில் ஒல்லியாக, உயரமாக, கச்சிதமாக மீசை வைத்த ஒரு மனிதர்.

அவர் கையருகே இருந்த பெட்டியில் ஒரு லீவரை நகர்த்தினார். படகு நகர்ந்தது. இன்னொரு முறை நகர்த்தினார். படகு திரும்பியது, விளக்கு சிமிட்டியது. கயிறு இல்லை, ஒயர் இல்லை. கூட்டம் வாயைப் பிளந்தது. உள்ளே பழக்கப்பட்ட குரங்கை ஒளித்து வைத்திருக்கிறார் என்று சிலர் சத்தியம் செய்ததாகக்கூட ஒரு கதை உண்டு.

குரங்கு கிடையாது. ரேடியோ அலை. அந்த மனிதர் நிகோலா டெஸ்லா. அந்த வருடம் நவம்பர் 8-ம் தேதி அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 613,809. அதன் தலைப்பிலேயே 'கப்பல்கள் அல்லது வாகனங்கள்' என்று சேர்த்து எழுதியிருந்தார். விவரமான ஆசாமி. தண்ணீரில் ஓடியது நாளைக்குத் தரையிலும் ஓடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, தூரத்திலிருந்து ஒரு வண்டியைத் திருப்புவது எப்படி என்ற கேள்விக்கு 1898-லேயே விடை கிடைத்துவிட்டது. ஆனால், அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணுவது எப்படி?

சிரிக்காதீர்கள். இன்றைக்கு ஒரு நைட்ரோ ரிமோட் காரை ஆசையாக வாங்கி வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். ரிமோட்டைப் பற்றி ஒரு புகாரும் இருக்காது. ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது என்பார். இந்தப் பொழுதுபோக்கின் சரித்திரமே, ஒரு குட்டி எஞ்சினைக் கெஞ்சி, கொஞ்சி, மிரட்டி உயிர்ப்பித்த சரித்திரம்தான்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அல்லது பத்தில் ஒரு பங்கு நீளம். மேலே மெல்லிய பாலிகார்பனேட் கூடு. அதில் சுபாரு இம்ப்ரெஸா, ஃபோர்டு ஃபியஸ்டா என்று ஏதோ ஒரு ராலி காரின் முகம், ஸ்டிக்கர் உள்பட. கூட்டைக் கழற்றினால் நாலு சக்கரத்துக்கும் சக்தி கொண்டுபோகும் தண்டுகள், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்ஸார்பர்கள். ஓரத்தில் எலுமிச்சம்பழ சைஸில் எஞ்சின். இரண்டரை முதல் மூன்றரை சி.சி.தான். சுண்டைக்காய். ஆனால், நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும். நம் மோட்டார் சைக்கிள் எஞ்சின் பத்தாயிரத்தை எட்டுவதற்குள் அலற ஆரம்பித்துவிடும்.

இந்தச் சுண்டைக்காயின் பூர்வ கதை 1930-களில் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாடல் விமானம் செய்கிறவர்கள் குட்டி பெட்ரோல் எஞ்சின்களைப் பறக்கவிட்டார்கள். அதே எஞ்சினைச் சிலர் சக்கரத்தில் பூட்டினார்கள். நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதில் கம்பியால் கட்டி, செக்கு மாடு மாதிரி வட்டமாக ஓடவிட்டார்கள். செக்கு மாடு என்றாலும் சாதாரண மாடு இல்லை. லாஸ் ஏஞ்சலிஸின் டூலிங் சகோதரர்கள் செய்த கார்கள் 1940-களில் மணிக்கு 100 மைலைத் தாண்டின. அவற்றை ஸ்டார்ட் செய்வதற்கு வழி? பின்னாலிருந்து ஒரு நீண்ட கோலால் தள்ளிக்கொண்டே ஓடுவது. நம் ஊரில் பாட்டரி போன அம்பாஸடருக்குச் செய்யும் அதே வைத்தியம்.

வேகம் இருந்தது. சுமைதான் தொல்லை. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். பொறிக்குக் காயில் வேண்டும், கண்டென்ஸர் வேண்டும், பாட்டரி வேண்டும். எஞ்சினின் எடையை மிஞ்சிவிடும் இந்தப் பரிவாரம். கல்யாண மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளைத் தோழர்கள் கனம்.

1947-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ரே ஆர்டன் ஒரு விஷயத்தைக் கடைக்குக் கொண்டுவந்தார். பெயர் க்ளோ பிளக். ஒரு திருகாணி, அதன் நுனியில் பிளாட்டினம் கலந்த சின்னஞ்சிறு கம்பிச் சுருள். அவ்வளவுதான். ஒன்றரை வோல்ட் பாட்டரியைத் தொடவைத்தால் கம்பி தணலாகும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பாட்டரியை எடுத்துவிடலாம். அப்புறமும் கம்பி தணலாகவே இருக்கும்!

எப்படி? இதற்கு இன்னும் 130 வருடம் பின்னால் போக வேண்டும். 1817-ல் ஹம்ப்ரி டேவி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். எரியும் வாயுவும் காற்றும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தால், சுடரே இல்லாமல் கம்பி ஜொலித்துக்கொண்டிருந்தது. பிளாட்டினம் ஒரு தரகர் மாதிரி. வாயுவையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து வைக்கும், தான் செலவாகாது. 1823-ல் ஜெர்மனியின் டோபரைனர் இதை வைத்து சிகரெட் லைட்டருக்குத் தாத்தாவான ஒரு விளக்கையே செய்துவிட்டார். ஆர்டனின் பிளக்கில் வாயுவுக்குப் பதில் மெத்தனால் ஆவி. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அதை அமுக்கும்போது வரும் சூடும், பிளாட்டினத்தின் தரகு வேலையும் சேர்ந்து கம்பியை அணையவிடாது. ஒரே ஒரு முறை பற்ற வைத்தால் போதும். காயில், கண்டென்ஸர் எல்லாம் வீட்டுக்குப் போயின.

மெத்தனால் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு வேறு ஞாபகம் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே மெத்தனால்தான். குட்டிக் காரின் டேங்கில் இருப்பதில் பெரும்பகுதி அதுவே. கொஞ்சம் உள்ளே போனாலே கண்ணைப் பறித்துவிடும் விஷம். பகல் வெளிச்சத்தில் தீப்பிடித்தால் சுடரே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் இந்த கேன் இருக்கவே கூடாது. இந்த விளையாட்டின் முதல் விதி அது.

மெத்தனாலுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் எண்ணெய். இந்த எஞ்சினில் தனியாக ஆயில் ஊற்றும் இடம் கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும். பழைய கலவைகளில் அது என்ன எண்ணெய் தெரியுமா? நம் பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுத்து அழவைத்த அதே விளக்கெண்ணெய்! பெட்ரோலோடு சரியாகச் சேராத விளக்கெண்ணெய், மெத்தனாலோடு சுமுகமாகக் கலந்துவிடும். எக்கச்சக்கச் சூட்டிலும் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். இன்றைக்கு செயற்கை எண்ணெய்கள் வந்துவிட்டாலும் பல கலவைகளில் இன்னமும் விளக்கெண்ணெய்க்கு ஒரு பங்கு உண்டு.

இன்னொருவர்தான் பெயர்ப் பலகையில் இருப்பவர், நைட்ரோமீத்தேன். 1872-ல் ஜெர்மன் ரசாயன மேதை கோல்பே தயாரித்தது. இதன் விசேஷம், தனக்குத் தேவையான ஆக்ஸிஜனில் ஒரு பகுதியைத் தானே மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். அப்படியென்றால் அதே அளவு காற்றுக்குள் பல மடங்கு எரிபொருளை அனுப்பலாம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோலைப்போல் சுமார் 2.3 மடங்கு சக்தி. கார்களுக்கு விற்கும் கலவையில் நைட்ரோ பெரும்பாலும் 16 முதல் 30 சதவிகிதத்துக்குள்தான். மூன்று சி.சி.க்கு இவ்வளவு முன்கோபம் வருவதற்கு அது போதும்.

ஆர்டனுக்கு அப்புறம் எஞ்சின்கள் மலிந்தன. கலிஃபோர்னியாவில் லீராய் காக்ஸ் 0.8 சி.சி. எஞ்சின்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார். அவற்றில் பலவற்றுக்கு ஸ்பிரிங் ஸ்டார்ட்டர். சுற்றி விட்டால் போதும், பையனின் விரல் தப்பித்தது. ஜப்பானின் ஒஸாகாவில் 1936-லேயே எஞ்சின் செய்ய ஆரம்பித்திருந்த ஓ.எஸ். நிறுவனமும் களத்தில் இருந்தது.

டெஸ்லாவின் ரேடியோவும் ஆர்டனின் தணலும் நாலு சக்கரத்தின் மேல் சந்தித்துக்கொண்டது 1960-களின் கடைசியில். 1966-ல் இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் ஃபெராரி 250 எல்.எம். மாடலில் ரேடியோ கார் விற்றது. அது மின்சார மோட்டார். அடுத்த சில வருடங்களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எஞ்சின் கார்கள் வந்தன. 1970-ல் ஜப்பானின் க்யோஷோ நிறுவனம் 'டாஷ் 1' காரைக் கொண்டுவந்தது. விமான எஞ்சினுக்கு விசிறி காற்றடித்துக் குளிர்விக்கும், காரில் அது நடக்குமா? தலையில் பெரிய அலுமினியக் கொண்டை வைத்தார்கள். நின்ற இடத்தில் ஓடுவதற்கு கிளட்ச் வைத்தார்கள். ஸ்டார்ட் செய்ய, ஜெனரேட்டருக்கு இருப்பதுபோல் இழுக்கிற கயிறு வைத்தார்கள்.

ராலி முகம் வந்தது நிஜ ராலியின் புண்ணியத்தில். 1973-ல் உலக ராலி சாம்பியன்ஷிப் தொடங்கியது. 1981-ல் ஆடி குவாட்ரோ நாலு சக்கர இழுவையோடு வந்து மண்ணிலும் பனியிலும் எல்லோரையும் திணறடித்தது. புழுதி கிளப்பிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கும் அந்தக் காட்சி மாடல்காரர்களை விடுமா? மைதானப் பந்தயத்துக்குத்தான் 'பக்கி' வண்டி. தெருவில் பார்க்கும் காரின் முகத்தோடு மண்ணில் உருள ஆசைப்பட்டவர்களுக்கு க்யோஷோவின் 'டி.ஆர்.எக்ஸ்.', கென் பிளாக் ஓட்டிய ஃபியஸ்டாவின் சாயலில் ஹெச்.பி.ஐ. தந்த 'டபிள்யூ.ஆர்.8' போன்றவை வந்தன.

இப்போது கயிற்றைக் கையில் பிடியுங்கள். பழைய ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து உதைத்த தலைமுறைக்கு இது சுலபமாகப் புரியும். புது எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது இறுக்கும். உள்ளே இருக்கும் குழல் மேல்பக்கம் குறுகலாகவே கடையப்பட்டிருக்கிறது. சூடானால் விரிந்து சரியாகும். அதனால், விவரமானவர்கள் முதலில் ஹேர் டிரையரால் எஞ்சின் தலையைச் சூடாக்குவார்கள். ரிமோட்டைத்தான் முதலில் ஆன் செய்வார்கள், அப்புறம் காரை. அணைக்கும்போது தலைகீழ், கார் முதலில். மாற்றிச் செய்தால் கட்டளையிட ஆளில்லாத கார் தன் இஷ்டத்துக்குக் கிளம்பும் ஆபத்து உண்டு.

பிறகு கயிறு. முழுக்க இழுக்கக் கூடாது, சின்னச் சின்னதாக வெடுக். கயிறு அசைந்து கொடுக்கவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே எரிபொருள் நிறைந்து அடைத்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, இரண்டு இழுப்பு. கொட்டிவிடும். வீம்பு பிடித்தால் கயிறோ, உள்ளே கனெக்டிங் ராடோ போய்விடும்.

ஓட ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரை அமுக்கத்தான் கை துடிக்கும். புது வண்டிக்கு 'ரன்னிங்-இன்' என்று நாற்பதில் ஓட்டுவோமே, அதேதான். முதல் நாலைந்து டேங்க், ஊசித் திருகைத் தளர்த்தி எரிபொருளைத் தாராளமாக விட்டு, வெள்ளைப் புகை கக்கக் கக்க நிதானமாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு டேங்குக்கும் நடுவே பிஸ்டனைக் கீழே நிறுத்தி ஆறவிட வேண்டும். திருகை இறுக்கினால் வேகம் வரும், உண்மை. ஆனால், எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். எண்ணெய் குறைந்தால் அந்த எஞ்சின் ஒரு மாலைப் பொழுதில் காலி. ஓட்டி முடித்தபின் டேங்கைக் காலி செய்து, சில சொட்டுப் பாதுகாப்பு எண்ணெய் விட வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருவேற்றும்.

இத்தனை சிரமத்தைப் பார்த்து கம்பெனிகளும் மனமிரங்கின. 1999-ல் டி-மேக்ஸ் வண்டியைக் கொண்டுவந்த ட்ராக்ஸாஸ் நிறுவனம், பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் கையடக்கக் கருவியைப் பிரபலமாக்கியது. ஆனால், அதற்குள் இரண்டு பக்கமும் காற்று மாறத் தொடங்கியிருந்தது.

ஒன்று, நைட்ரோமீத்தேனின் இன்னொரு முகம். 1958-ல் அமெரிக்காவில் அதை ஏற்றி நின்ற ரயில் டேங்கர்கள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் வெடித்தன. 1995 ஏப்ரல் 19 அன்று ஒக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டிலும் அது ஒரு பங்கு. ஐரோப்பிய யூனியன் 2021 பிப்ரவரியிலிருந்து, 16 சதவிகிதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எதையும் அனுமதி இல்லாத பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காரருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். 168 குடும்பங்களை நினைத்தால் வாய் எழாது.

இரண்டாவது, லித்தியம் பாட்டரி. 2000-களில் பிரஷ் இல்லாத மோட்டாரோடு ஜோடி சேர்ந்து அது வந்தது. சுவிட்சைத் தட்டினால் கிளம்புகிறது. புகை இல்லை, விஷம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதில்லை. வேகமும் அதிகம். அந்த ஃபியஸ்டாவே மின்சார வடிவத்திலும் வந்துவிட்டது. புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் பாட்டரி பக்கம் போவதில் ஆச்சரியம் இல்லை. எட்டில் ஒரு பங்கு பக்கிகளுக்கான உலகப் போட்டியில் நைட்ரோ இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது.

கணக்கு என்னவோ பாட்டரிக்குத்தான் சாதகம். ஆனால், பாட்டரிக் காரில் ஏதாவது பழுதென்றால் ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொரு பெட்டியை மாட்டுகிறோம். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கயிறு இழுத்த பையன் சத்தத்தை வைத்தே கலவை சொல்வான். புகையின் நிறத்தைப் பார்த்து திருகை எட்டில் ஒரு சுற்று திருப்புவான். காற்று, தீ, எண்ணெய் மூன்றுக்கும் உள்ள உறவைப் பரீட்சைக்குப் படிக்காமலே தெரிந்துகொண்டவன் அவன். ஸ்டார்ட் செய்வதைச் சுலபமாக்கத்தான் ஆர்டனிலிருந்து எல்லோரும் பாடுபட்டார்கள். அது முழுக்கச் சுலபமானபோது, இந்தப் படிப்பும் கூடவே போய்விட்டது.

அதனால், எங்கேயாவது ஒரு நைட்ரோ ராலி கார் உங்கள் கைக்கு வந்தால், ஓட்டி முடித்து, நன்றாக ஆறியபின் அந்த பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கம்பிச் சுருள் பளபளவென்று முழுசாக இருந்தால் உங்கள் கலவை சரி. உருக்குலைந்து கிடந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஊசித் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மறுபடி கயிற்றைப் பிடியுங்கள்.