எல்லைப்புறத் தமிழ்வழிக் கல்வியும் பாடந்தோறும் எழுத்தறிவும்: பாலக்காடு, இடுக்கி

முன்னுரை

எழுத்தறிவு தொடக்கப்பள்ளியோடு நிறைவடைவதன்று. பன்னிரண்டு வயதுக்குப் பின் மாணவர் கணிதம், அறிவியல், வரலாறு எனப் பாடந்தோறும் வேறுபடும் உரைநடையைப் படித்துப் பொருள்கொள்ள வேண்டியவராகின்றனர். அதனைக் கற்பிப்பது மொழியாசிரியரின் பணி மட்டுமன்று, எல்லாப் பாட ஆசிரியர்க்கும் பொதுவானது என்பதை இங்கிலாந்தின் புல்லக் குழு 1975இல் வலியுறுத்தியது. இந்தியாவின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் 2005இல் இக்கருத்தை ஏற்றது. பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதித் தமிழ்வழிக் கல்வி வரலாற்றில் இப்பொறுப்புப் பெற்ற இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று ஆட்சிகளின் மரபு

இப்பகுதிகள் தொடக்கத்தில் ஓராட்சியின்கீழ் அமைந்தவையல்ல. பாலக்காட்டு வட்டம் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் கொச்சி அரசுக்கும், தேவிகுளம், பீருமேடு ஆகியவை திருவிதாங்கூருக்கும் உரியன. பின்னிரு அரசுகளும் 1949இல் இணைந்தன. இதே காலப்பகுதியில் தமிழில் அறிவியல் கற்பிப்பதற்கான முயற்சிகள் தமிழகத்தில் வேரூன்றின. இராஜாஜி முதலியோர் 1916இல் சேலத்தில் கலைச்சொல்லாக்கப் பணியைத் தொடங்கினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதியை வெளியிட்டது.

மாநில மறுசீரமைப்புக் குழு 1955இல் அளித்த பரிந்துரையின்படி தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. 1956 நவம்பர் 1 முதல் மூன்று மரபுகளைச் சேர்ந்த தமிழ் மாணவரும் ஒரே மாநிலக் கல்வித்துறையின்கீழ் வந்தனர். பாடத்திட்டம் கேரளத்தினது, பயிற்றுமொழி தமிழ். இவ்விரண்டின் சந்திப்பிலேயே நாம் ஆராயும் சிக்கல் தோன்றுகிறது.

சட்டத்தின் வயதெல்லை

1956ஆம் ஆண்டின் ஏழாம் அரசியலமைப்புத் திருத்தம் 350அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிக் கல்வி வசதி அளிக்க அப்பிரிவு கூறினும், அது தொடக்கநிலையை மட்டுமே சுட்டுகிறது. மூணாறு, வண்டிப்பெரியாறு போன்ற தோட்டப்பகுதிகளுக்குப் பொருந்திய 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் 6 முதல் 12 வயதுக் குழந்தைகள் 25 பேருக்கு மேற்பட்ட தோட்டங்களில் கல்வி வசதி செய்யும் கடமையை உரிமையாளர்மீது சுமத்த மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. இரண்டு ஏற்பாடுகளும் வளரிளம் பருவத்தின் வாயிலோடு நின்றுவிட்டமை குறிப்பிடத்தக்கது. பாடங்களின் மொழி கடினமாகத் தொடங்கும் இடமும் அதுவே.

சொல்லும் தொடரும்

கேரளம் தமிழ்வழிப் பாடநூல்களை வெளியிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாள் தமிழிலும் அமைகிறது. எனினும் நூல் தமிழில் இருத்தலும் அதனைப் படித்தறியும் திறன் வளர்தலும் வேறு. தமிழில் 'முடுக்கம்' எனப்படுவது மலையாளத்தில் 'த்வரணம்'. 'ஒளிச்சேர்க்கை' அங்கே 'பிரகாச சம்சிலேஷணம்'. ஒத்தொலிக்கும் சொற்களோ மேலும் இடர் தருவன. மலையாளத்தில் 'அவகாசம்' என்பது உரிமை. தமிழில் அது கால இடைவெளி. 'மௌலிகாவகாசம்' என்பதைக் கேட்கும் தமிழ் மாணவர் 'அடிப்படை உரிமை' என்னும் பொருளைத் தாமே உய்த்துணர்வது எளிதன்று.

தொடரமைப்பும் அத்தகையதே. கணிதத்தில் 'எனில்', 'எனக் கொள்க' என்பனவும், வரலாற்றில் 'விளைவாக', 'இருப்பினும்' என்பனவும் சிந்தனையை இணைக்கும் கண்ணிகள். இவற்றைக் கவனியாத மாணவர் ஒவ்வொரு சொல்லையும் பிழையின்றி வாசித்தும் கருத்தைத் தவறவிடுவர். இத்தவற்றைத் தமிழ் வகுப்பில் மட்டும் களைதல் இயலாது.

உரைமரபு காட்டும் வழி

இதற்கான முறையைத் தமிழ் உரைமரபிலேயே காணலாம். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றால் நூற்பாவின் பொருளை விளக்குவது காண்டிகையுரை என்கிறது நன்னூல். நியூட்டனின் இரண்டாம் விதியை இவ்வாறே கற்பிக்கலாம். விதியின் கருத்தை மாணவர் தம் சொற்களில் எழுதுதல். 'விசை', 'நிறை', 'முடுக்கம்' ஆகியவற்றுக்குப் பதப்பொருள் காணுதல். தேயிலை ஏற்றிய வண்டியையும் வெற்று வண்டியையும் ஒப்பிடுதல். ஒரே விசையால் தள்ளினும் ஏற்றிய வண்டியின் முடுக்கம் குறைவதேன் என வினவி விடை எழுதுதல் என அது அமையும். இதனை நடத்தவேண்டியவர் அறிவியல் ஆசிரியரே.

முடிவுரை

தாய்மொழிக் கல்விக்கான சட்ட ஏற்பாடுகள் குழந்தைப் பருவத்தையே காத்தன என்பதும், அதன்பின் பாடமொழியைக் கற்பிக்கும் கடமை எவர்க்கும் வரையறுக்கப்படவில்லை என்பதும் மேற்கண்டவற்றால் பெறப்படுகின்றன. தமிழும் மலையாளமும் இணைந்த கலைச்சொல் அகராதியை எல்லைப்பகுதிப் பாட ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்குதல் தமிழ்த்துறைகள் முதலில் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.