அலையாக நின்ற சிறுமி

தாயில்பட்டிக்காரனுக்கும் சமுத்திரத்துக்கும் என்ன ஐயா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கரிசல் பூமிக்கு மழையே விருந்தாளி. வெடிமருந்து வாடை தெரியும். கடல் வாடை தெரியாது. ஆனாலும், கண்ணாடித் தொட்டியில் கடலை வளர்த்த சரித்திரத்தைப் படித்தபோது, அது எங்கள் ஊர்க் கதை போலவே எனக்குப் பட்டது.

1846ஆம் வருஷம். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துப் பாதிரியார் ஒருவரின் மனைவி ஆன்னா தைன் அம்மாள். டார்க்கீ கடற்கரைக்குப் போனவர், அங்கே கண்ட பவளப்பூச்சிகளை ஆசையோடு ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கடல்நீரையும் வருவித்தார். ஆனால் அந்த ஜீவன்களுக்கு நீரில் பிராணவாயு வேண்டும். நின்ற நீரில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். கடலிலோ அலை அடித்து அடித்துக் காற்றைக் கலக்கும். வீட்டுக்குள் அலைக்கு எங்கே போவது?

அந்த வீட்டு வேலைக்காரச் சிறுமிதான் அலை. திறந்த ஜன்னலருகே நின்று, நாம் காப்பி ஆற்றுகிறோமே, அப்படி நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றுவாள். அரைமணி, முக்கால்மணி நேரம்! மறு வருஷம் அம்மாள் கடற்பாசியையும் ஜாடியில் சேர்த்தார். வெளிச்சத்தில் பாசி பிராணவாயுவை வெளியிட்டது. ஏறக்குறைய மூன்று வருஷம் அந்தக் குட்டிக் கடல் உயிரோடிருந்தது. அம்மாளின் பெயர் சரித்திரத்தில் ஏறியது. சிறுமிக்குப் பெயரில்லை. சரவெடி பின்னும் கைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. பெட்டியின் மேல் கம்பெனியின் பெயர்தானே இருக்கும்!

1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலை மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தது. பிலிப் ஹென்றி காஸ் என்பவர் அடுத்த வருஷமே புத்தகம் எழுதினார். தொட்டி மோகம் சீமை முழுதும் பரவியது. கூடையும் உளியுமாக ஜனங்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குட்டைகளின் அழகெல்லாம் சூறையாடப்பட்டதை அவருடைய மகன் எட்மண்ட் காஸே 1907இல் வேதனையோடு எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்து, 1909இல், சென்னை மெரினாவிலும் ஒரு மீன் காட்சி சாலை திறந்தார்கள். அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. கடல் எதிரிலேயே இருந்தது. ஆனாலும் தொட்டிக்கு ஆள் காவல் வேண்டும். 1942இல் யுத்த பயம் வந்ததும் மூடிவிட்டார்கள். இன்று மெரினாவில் அந்தச் சாலை இல்லை.

தொட்டி வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அளவறிந்து நல்ல தண்ணீர் விட வேண்டும். கொஞ்சம் சூடு ஏறினாலும் பவளம் வெளுத்துவிடும். ஒருநாள் கை ஓய்ந்தால் கடல் செத்துப்போகும்.

மன்னார் வளைகுடாவில் இந்த ஊழியத்தையெல்லாம் அலையே சம்பளமில்லாமல் செய்துவந்தது. நாம் என்ன செய்தோம்? சுண்ணாம்புக்கென்று பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. 2001இல்தான் பவளத்துக்குக் கடுமையான சட்டப் பாதுகாப்பு வந்தது.

ஒரு ஜாடிக் கடலைக் காப்பாற்ற ஒரு சிறுமி தினம் எத்தனை பாடுபட்டாள்! முழுக் கடலைக் காப்பாற்ற நம்மிடம் அத்தனை பாடுகூடக் கேட்கவில்லை. வெட்டாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டது.