குளவிக் கூட்டில் சாதி இருக்கிறதா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மாணவர்களோடு பேசும்போது ஒரு வாதத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம்: "எறும்பு, தேனீக்கிட்டயே சாதி இருக்கு. மனுசங்ககிட்ட இருந்தா என்ன தப்பு?" இதற்குப் பதில் சொல்ல, அந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த போர்ச்சுக்கீசியர் நம் சமூகப் பிரிவுகளைக் 'காஸ்ட்டா' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'காஸ்ட்' ஆனது. பிறகு ஐரோப்பிய இயற்கையியலாளர்கள் அதை எறும்புக்கும் சூட்டினார்கள். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வினே மலட்டு எறும்புகளின் வகைகளை இச்சொல்லால்தான் குறிக்கிறார். பூச்சிகளிடமிருந்து நமக்குச் சாதி வரவில்லை. நம்மிடமிருந்துதான் பெயர் அங்கே போனது.

அந்தப் பெயர் பொருந்துகிறதா? தேன்கூட்டில் வேலைக்காரத் தேனீக்கள் ராணியின் மகள்கள். அடுத்த ராணியும் பெரும்பாலும் அதன் மகள்தான். ஒரே வகை முட்டை. புழுவுக்கு ஊட்டும் உணவுதான் யார் ராணி என்று தீர்மானிக்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தது 'ரோபாலிடியா மார்ஜினேட்டா' என்ற குளவி. தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படுவது. இதில் ராணிக்கும் வேலைக்காரக் குளவிக்கும் உருவ வேறுபாடே இல்லை. ராணியை எடுத்துவிட்டால், வேலைக்காரக் குளவிகளில் ஒன்று உடனே சீறத் தொடங்கி, சுமார் ஒரு வாரத்தில் முட்டையிட்டு ராணியாகிவிடுகிறது.

இனப்பெருக்கச் சண்டை பூச்சிகளிடமும் உண்டு. வேலைக்காரத் தேனீ இடும் முட்டையைச் சக வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடும். ஆனால் அது ஒரே குடும்பத்துக்குள், யார் முட்டையிடுவது என்பதற்கான சண்டை. யாரோடு சேர்வது என்பதில் வேலி இல்லை. ராணித் தேனீ வெளியே பறந்துபோய், வேறு வேறு கூடுகளின் ஆண் தேனீக்கள் பலவற்றோடு இணைகிறது.

மனிதச் சாதியோ அந்த வேலியில்தான் நிற்கிறது. 1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது அம்பேத்கர் தம் கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: அகமணமே சாதியின் உயிர். அதைக் காக்கவே உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமித் திருமணம் என்று பெண்ணைப் பூட்டி வைத்தார்கள்.

அந்தக் கட்டுரையின் நூற்றாண்டில், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞரான அவர் ஆதிக்கச் சாதிப் பெண்ணை மணந்ததுதான் 'குற்றம்'. அரிவாளை வைத்துக் காக்க வேண்டிய வேலி, மனிதர் போட்ட வேலி. மனிதரால் அதைப் பிடுங்கவும் முடியும்.

தோழர்களே, எறும்பைக் காட்டி யாராவது பேசினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ராணியின் மகள் வேலைக்காரியாகிற கூட்டில், உங்கள் சாதி எங்கே இருக்கிறது?