தகுதி எனும் பூட்டு

வாயிலிலே காவலன் இல்லை. ‘உள்ளே வராதே’ என்ற பலகையும் இல்லை. கதவிலே ஒரு பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டுக்குப் பெயர், தகுதி!

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திலே டிரேப்பர் என்றோர் ஊர். அங்கே டியூக் பவர் நிறுவனத்தின் மின் நிலையம். 95 தொழிலாளர், அவர்களுள் 14 பேர் கறுப்பினத்தார். துறைகளோ ஐந்து. கரி கையாளுதல், இயக்கம், பழுதுபார்த்தல், ஆய்வு ஆகிய நான்கும் வெள்ளையருக்கு. எஞ்சிய கூலித்துறை கறுப்பருக்கு! அத்துறையின் உச்சக் கூலி, மற்றத் துறைகளின் மிகக் குறைந்த ஊதியத்தினும் குறைவு.

1964இல் பிறந்தது குடிமை உரிமைச் சட்டம். நிறம் பார்த்து வேலை மறுத்தல் கூடாது என்றது. அதன் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் என்ன செய்தது? அதே நாளில் புது விதி வகுத்தது! கூலித்துறை தவிர்த்த பிற துறைகளில் புதிதாகச் சேர, உயர்நிலைப் பள்ளிச் சான்று மட்டும் போதாது. இரு தேர்வுகளிலும் தேற வேண்டும். கூலித்துறையில் இருப்பவன் மேலே செல்ல வேண்டுமா? சான்று காட்டு, இல்லையேல் தேர்வெழுது!

“விதி எல்லோர்க்கும் பொதுதானே?” என்பர். பொதுதான்! ஆனால், 1960ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அம்மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்த வெள்ளை ஆடவர் நூற்றுக்கு 34. கறுப்பு ஆடவர் நூற்றுக்கு 12. தாழ்ந்த தனிப்பள்ளியிலே தள்ளி வைத்தவர்களே, சான்று எங்கே என்று கேட்டனர். சான்றில்லாமல் முன்பே நுழைந்துவிட்ட வெள்ளையரோ, அதே வேலைகளைச் செவ்வனே செய்துகொண்டிருந்தனர்!

13 கறுப்பினத் தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். தீய நோக்கம் தெரியவில்லை என்றன கீழ்மன்றங்கள். 1971 மார்ச் 8இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: நோக்கம் நல்லதாயினும் போதாது, விளைவையும் பார்க்க வேண்டும், தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை முதலாளியே மெய்ப்பிக்க வேண்டும்.

வென்றது நீதி. ஆனால், அத்துடன் ஓய்ந்ததா போர்? 1989இல், அலாஸ்கா மீன் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில், அதே மன்றம் மெய்ப்பிக்கும் சுமையைத் தொழிலாளியின் தோளுக்கு மாற்றியது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம்! 1991இல் புதுச் சட்டம் இயற்றி, அச்சுமையை மீண்டும் முதலாளியின் தோளில் ஏற்றியது அமெரிக்கக் காங்கிரஸ். 2025 ஏப்ரலில், விளைவை வைத்துக் குற்றம் காணும் நெறியை இயன்றவரை கைவிடுமாறு அரசுத் துறைகளைப் பணித்தது அதிபர் டிரம்ப்பின் ஆணை.

ஆணை வேறு, சட்டம் வேறு. காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை அதிபரின் கையொப்பம் அழித்துவிடாது. ஆயினும், கேட்க வேண்டிய அரசு வாய்மூடினால், கேட்கும் வேலை முழுவதும் கூலிக்காரன் தலையில் விழும். வழக்குச் செலவுக்கு அவன் எங்கே போவான்?

தோழர்களே! தகுதி வேண்டாம் என்று அந்த 13 பேர் சொல்லவில்லை. “கரி அள்ளவும் கருவி இயக்கவும் இந்தத் தேர்வு எதற்கு?” என்றே கேட்டனர். சட்டம் மாறலாம், மன்றம் மாறலாம். தகுதியின் பெயரால் எங்கெங்கே கதவு அடைபடுகிறதோ, அங்கெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. விடை சொல்லும் கடமை, பூட்டியவனுக்கே உரியது.