நிகரகுவா 1979: 43 ஆண்டு சொமோசா ஆட்சி சரிந்தது ஏன்?

1979 ஜூலை 17. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் அதிபர் அனஸ்தாசியோ சொமோசா டெபாய்லே பதவியை ராஜினாமா செய்துவிட்டு மியாமிக்குப் பறந்தார். இரண்டே நாளில் சாண்டினிஸ்டா கிளர்ச்சிப் படை தலைநகர் மனாகுவாவைக் கைப்பற்றியது. அங்கே வறுமை பல காலமாகவே இருந்தது. அப்புறம் ஏன் அப்போது வெடித்தது?

துப்பாக்கியும் சொத்தும்

1936-ல் ஆட்சியைப் பிடித்தவர் இவருடைய அப்பா. அமெரிக்கா பயிற்சி கொடுத்து உருவாக்கிய 'தேசியக் காவல் படை'தான் அவருடைய பலம். அவருக்குப் பிறகு இரண்டு மகன்களும் அதிபரானார்கள். பண்ணை, சிமென்ட், கப்பல், விமானம் என எல்லாத் தொழிலிலும் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது.

பருத்தி பறித்த நிலம்

1950-களில் பருத்தி ஏற்றுமதி சூடுபிடித்தது. பசிபிக் கரையோரத்தில் சோளமும் பீன்ஸும் விதைத்துவந்த சிறு விவசாயிகள் பலர் நிலத்தை இழந்தார்கள். பருத்தி பறிக்கும் சில மாதங்கள்தான் கூலி வேலை. மீதி மாதங்களில் கையில் காசு கிடையாது. மக்களில் சுமார் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

திருப்புமுனை: நிலநடுக்கம்

1972 டிசம்பர் 23 நள்ளிரவு தாண்டி மனாகுவா குலுங்கியது. பல ஆயிரம் பேர் பலி. நகரின் மையப் பகுதி தரைமட்டம். உலகம் அனுப்பிய நிவாரணத்தில் பெரும்பகுதி ஆட்சியாளர்கள் பைக்குள் போனது. காவல் படையினரே கடைகளைச் சூறையாடினர். மறுகட்டுமானத்திலும் லாபம் சொமோசா நிறுவனங்களுக்குத்தான்.

அதுவரை கண்டும் காணாமல் இருந்த வியாபாரிகளுக்கு இது உறைத்தது. 'நமக்கும் மிச்சம் வைக்கமாட்டார்' என்று புரிந்துகொண்டார்கள்.

பணக்காரர்களும் கைவிட்டார்கள்

1978 ஜனவரி 10-ல், ஆட்சியைத் தொடர்ந்து விமர்சித்த 'லா பிரென்சா' நாளிதழ் ஆசிரியர் பெட்ரோ ஜோவாக்கின் சமோரோ சுட்டுக்கொல்லப்பட்டார். வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களோடு முதலாளிகளும் சேர்ந்து கடையடைத்தார்கள். 1979 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சி செய்தியாளர் பில் ஸ்டூவர்ட்டைக் காவல் படை வீரர் சுட்டுக்கொன்ற காட்சி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. வாஷிங்டனும் சொமோசாவைக் கைகழுவியது.

ஏழைகளின் கோபம் பல ஆண்டுகளாகக் கனன்றுகொண்டிருந்தது. நடுத்தர வர்க்கமும் முதலாளிகளும் விலகியபோது, சொமோசாவிடம் மிஞ்சியது துப்பாக்கி மட்டும்தான். அதை வைத்துக் கடைசி வரை சண்டை போட்டார். பல்லாயிரம் உயிர்கள் போயின. ஆட்சி மட்டும் தப்பவில்லை.