நம்ம ஊர் 'நைட் கிளப்': பாப்பாரப்பட்டி வட்டாரத்து இராக்கூத்தும் ஆட்டமும்

மலர்க் குழு நண்பர்கள், "அந்தக் கால இரவுக் கேளிக்கைகள் பற்றி ஒரு கட்டுரை கொடுங்கள். நைட் கிளப், டான்ஸ் ஹால் எதுவானாலும் சரி" என்று கேட்டார்கள். பெங்களூரில் குடியேறிய நம் தோழர் யாரோ கொடுத்த யோசனையாக இருக்க வேண்டும்! பாப்பாரப்பட்டிக்காரனிடம் போய் நைட் கிளப் பற்றிக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? "அட போப்பா, நம்ம ஊர்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல நாய் குரைக்கிற சத்தம்தான் கேக்கும்" என்பான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்து, ஆட்டமும் பாட்டும் பார்த்து, விடிந்த பிறகு வீடு திரும்பிய ஊர்தான் நம் ஊரும். வரலாறு படித்தவன் என்ற முறையில் அந்தக் கதையை எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

ஏன் இல்லை?

முதலில், நம் பக்கம் நைட் கிளப் ஏன் முளைக்கவில்லை என்று பார்ப்போம். நடனக் கூடம் என்பது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்த சரக்கு. 1809-இல் பெங்களூர் கண்டோன்மெண்ட் அமைந்தது. பின்னால் 1868-இல் பவுரிங் இன்ஸ்டிடியூட் வந்தது. அந்தப் பகுதியில் ஆங்கிலோ இந்தியர்களின் வாத்தியக் குழுக்களும் ஜோடி நடனமும் தழைத்தன. நமக்கும் பெங்களூருக்கும் பஸ்ஸில் சில மணி நேரப் பயணம்தான். இருந்தும் அந்த நாகரிகம் ஓசூர் தாண்டி இங்கே வரவில்லை.

இன்னொரு காரணம் பலருக்கு மறந்தே போயிருக்கும். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக அமலான மாவட்டம் நம்முடையதுதான். அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் மாவட்டம். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பிரதமராக இருந்தபோது (அன்று மாகாண முதல்வரை அப்படித்தான் அழைப்பார்கள்) 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலத்தில் கள்ளுக்கடை, சாராயக் கடைகளை மூடினார். அதனால் விழுந்த வருமான ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் அது தளர்த்தப்படும் வரை, திருட்டுச் சாராயத்தைத் தவிர்த்துப் பார்த்தால், நம் பக்கத்து இரவுகள் சட்டப்படி 'உலர்ந்த' இரவுகள்! கோப்பை இல்லாத ஊரில் கிளப் எங்கிருந்து வரும்?

பாப்பாரப்பட்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுப்பிரமணிய சிவா சிறையில் பெற்ற தொழுநோயோடு வந்து ஆசிரமம் அமைத்த மண் இது. இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட அவர் கனவு கண்டார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல் சிவா இங்கேயே கண் மூடினார். அவர் நாடகங்களும் எழுதியவர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக, மேடையை இந்த ஊர் ஒருபோதும் வெறும் வேடிக்கையாக நினைத்ததில்லை.

பெட்ரோமாக்ஸ் இரவுகள்

நமக்கு வாய்த்தது கூத்து. பங்குனி, சித்திரையில் அறுவடை முடிந்து கை ஓய்ந்ததும் வட்டாரத்தில் எங்காவது பாரதம் வைத்துவிடுவார்கள். பதினெட்டு நாள் பாரதம் என்றால் ஊரே வரி போட்டு நடத்தும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்லிபாரதத்தைப் படிக்காதவர்கள்கூடக் கதையில் எந்த இடம் எப்போது வரும் என்று துல்லியமாகச் சொல்வார்கள்.

களத்தில் இரண்டு பெட்ரோமாக்ஸ். பின்னால் பெஞ்சில் மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். நமக்கு வயிற்றில் ஏதோ பிசையும். திரை விலகினால் துரியோதனன்! தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், முகத்தில் அரிதாரம். கட்டியங்காரன் குறுக்கே வந்து, "ராஜா, உங்க பேரு என்னங்க? எந்த ஊருங்க?" என்று நம் ஊர்ப் பேச்சில் கேட்டதும் களம் சிரிப்பில் அதிரும்.

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எப்போது விடியும் என்று ஆடுகிறவன் பார்ப்பான், எப்போது பொழுது சாயும் என்று வேலை செய்கிறவன் பார்ப்பான் என்று பொருள். நம் பக்கத்தில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான்! ராத்திரி திரௌபதி வேடம் கட்டியவர் மறுநாள் கடலைக்காட்டில் களை கொத்திக்கொண்டிருப்பார். நானே பார்த்திருக்கிறேன். காதோரம் அரிதாரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெண் வேடமெல்லாம் ஆண்கள்தான் கட்டினார்கள். துகிலுரிதல் வரும் இரவில் சிரிப்பு, விசில் எதுவும் இருக்காது. கற்பூரம் ஏற்றுவார்கள். கிழவிகள் விம்முவார்கள். சேலை கட்டிய அந்த ஆண்பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கீற்றுக் கொட்டகை

அடுத்து வந்தது டூரிங் டாக்கீஸ். 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கி ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். தென்னாட்டில் கூடார சினிமா அப்படித்தான் பரவியது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததால் நமக்குச் சினிமா அயல் வீட்டுச் சமாச்சாரம். தமிழின் முதல் வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர்கள் எடுத்ததே.

கொட்டகையில் தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவோம். பின்னால் இருப்பவர், "டேய், மேட்டக் கலைடா!" என்று கத்துவார். ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று, நான்கு இடைவேளை. முறுக்கு, கடலை வியாபாரம் அமோகம்.

நைட் கிளப்பை நாம் பார்த்ததும் இந்த மணல் தரையில் உட்கார்ந்துதான். மினுமினுக்கும் விளக்கு, கோப்பையோடு வில்லன், எல்.ஆர். ஈஸ்வரியின் குரல், ஜோதிலட்சுமியின் ஆட்டம். கிளப் என்றாலே அங்கே கடத்தல்காரன் இருப்பான், கதாநாயகன் மாறுவேடத்தில் வருவான் என்றுதான் நம் தலைமுறை நம்பியது. பட்டணத்தில் அப்படி ஒரு இடம் எப்படி இருக்கும் என்று ஹாஸ்டலில் விடிய விடிய வாதாடியவர்களுக்கு, அதன் வாசலைக்கூட மிதித்த அனுபவம் கிடையாது.

ரிக்கார்டு டான்ஸ்

கொட்டகையில் பார்த்த அந்த ஆட்டம் பிறகு மேடையேறி ஊருக்கே வந்தது. அதுதான் ரிக்கார்டு டான்ஸ். இசைத்தட்டில் சினிமாப் பாட்டு ஓடும். எம்.ஜி.ஆர். போலவும் சிவாஜி போலவும் வேடம் போட்டவர்களும், கூட இரண்டு மூன்று பெண்களும் ஆடுவார்கள். பதினெட்டு நாள் பாரதத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும். அரிதாரம் பூசவே இரண்டு மணி நேரம் என்ற கதையும் கிடையாது. இளவட்டங்கள் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கூத்து வாத்தியார்கள் சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள்.

ஒரு திருவிழாவுக்கு மறுநாள் விடிகாலை, பள்ளிக்கூடத் திண்ணையில் ஓர் ஆட்டக்காரப் பெண்ணைப் பார்த்தேன். மடியில் கைக்குழந்தை. டம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். "அண்ணா, தருமபுரிக்கு மொதல் பஸ் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார். சொன்னேன். ராத்திரி விசிலடித்து, ரூபாய் நோட்டைக் குத்தி, வாய்க்கு வந்ததைப் பேசிய ஆட்கள் அவரைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேலை கட்டி ஆடிய ஆணுக்குக் கும்பிடு, பிழைப்புக்கு ஆடிய பெண்ணுக்கு ஏச்சு. ஒரே ஊர், ஒரே ஜனங்கள்! இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை நேராகவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல. 2005-இல் மகாராஷ்டிர அரசு நடன பார்களைத் தடை செய்தது. ஆனால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு அளித்தது. அதே ஆட்டம் பணக்காரன் பார்த்தால் கலை, ஏழை பார்த்தால் ஆபாசமா? உயர் நீதிமன்றம் 2006-இல் அந்தத் தடையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2013-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நம் மாநிலத்திலும் 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டுத் திருவிழாக் குழுக்கள் நீதிமன்றப் படியேறின. ஆபாசம் கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. நிபந்தனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடுகிறவர் மனுஷி என்பது நிபந்தனைப் பட்டியலில் வராமலே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி என்ன?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. நோயாளிகளையும் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்தால் நியாயமான விதிதான். விடிய விடிய ஆடும் கூத்துக்கு அது ஒரு சோதனை. ஆனால் மைக் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே கூத்து இருந்தது. ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பாடிய தொண்டைகள் அவை!

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தால் ஈர்க்கப்பட்ட ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கினார். காஞ்சிபுரத்தில் 1990-இல் பெ. ராஜகோபால் முதலியோர் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். அங்கே பெண் பிள்ளைகளும் கூத்துக் கற்றுக் களமேறினார்கள். ஆண்களுக்கே உரியது என்று இருந்த புஜக்கட்டையைப் பெண்கள் கட்டினார்கள். நான் மேலே சொன்ன கணக்கை நேர் செய்ய அதுவே வழி என்று படுகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூடுகைக்கும் மெல்லிசைக் குழு வைக்கிறோம். அடுத்த முறை நம் வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் கூத்துக் குழு ஒன்றை அழைப்போம். மைக் வேண்டாம், விடியும் வரை ஆடட்டும். அவர்களுக்குப் பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம், அதே பந்தியில் சாப்பாடு. பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பாதியில் தூங்கிப்போனால் பரவாயில்லை, நாமும் பாதிக் கூத்தைத் தூக்கத்தில் பார்த்தவர்கள்தானே! செலவில் என் பங்காக முதல் ஐயாயிரம் ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். மீதியை நண்பர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.